பித்தநாளப் புற்று: ஸ்கேன் எவ்வளவு தூரம் சொல்லும்?

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருக்கும் தம்பி உசிலம்பட்டிப் பக்கம். அவருடைய சித்தப்பாவுக்கு 58 வயது. ஒரு மாதமாக மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, வலி கிடையாது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், குறையவில்லை. மதுரைக்கு வந்து சி.டி. ஸ்கேன் எடுத்ததில் 'ஹைலார் கொலாஞ்சியோகார்சினோமா, பிஸ்மத் 3ஏ, வலது மடல் சுருக்கம்' என்று ரிப்போர்ட், அதாவது கல்லீரலின் வாசலில் வரும் பித்தநாளப் புற்று. அவர் கேட்பது இரண்டு. ஸ்கேனை வைத்து எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? கம்ப்யூட்டரே ஸ்கேனைப் படித்து எத்தனை மாதம் இருப்பார் என்று கணக்குச் சொல்லிவிடுகிறதாமே, அது நிஜமா?

நான் இருபது வருடத்துக்கு மேலாக மதுரையில் ஸ்கேன் படிக்கிறவன். முதல் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் முடியும், மூன்று நான்கு இடங்களில் முடியாது. இரண்டாவதுக்கு: நூறு பேருக்குச் சொல்லும், உங்கள் சித்தப்பா ஒருவருக்குச் சொல்லாது. ஆனால் இரண்டையும் விட முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை. ஸ்கேன் எடுத்தது ஸ்டென்ட், அதாவது அடைத்த பித்தக்குழாயைத் திறந்து வைக்கச் செருகும் சின்னக் குழல், வைப்பதற்கு முன்னாலா, பின்னாலா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த நோய் இருக்கும் இடம் அப்படி. கல்லீரலில் ஊறும் பித்தம் சின்னச் சின்னக் குழாய்களில் இறங்கி, வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என இரண்டு பெரிய குழாயாகி, கல்லீரலின் வாசலில் ஒன்றுசேர்ந்து, ஒரே குழாயாகக் குடலுக்குப் போகிறது. அந்தக் கூடுமிடத்தில் வருவதுதான் ஹைலார் வகை. 1965-ல் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 13 பேரின் விவரத்தை வைத்து இதைப் பற்றி எழுதினார், அதனால் கிளாட்ஸ்கின் கட்டி என்றும் சொல்வோம். பித்தநாளப் புற்றில் ஏறக்குறைய பாதி இந்த இடத்தில்தான் வருகிறது. கட்டி என்கிறோமே தவிர, பல பேருக்கு அது கட்டியாகவே இருக்காது. குழாயின் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடித்திருக்கும், அவ்வளவுதான். மடை அடைத்துக்கொண்ட கண்மாய் மாதிரி மேலே குழாய்கள் எல்லாம் ததும்பி நிற்கும், கீழே வற்றிக் கிடக்கும். ததும்பல் எங்கே முடிகிறதோ அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று பிடிப்போம்.

இப்போது அந்த அடைப்புக்குள் ஒரு ஸ்டென்டைச் செருகிவிட்டால் என்ன ஆகும்? தேங்கிய பித்தம் வடிந்து மேலே இருக்கும் குழாய்கள் சுருங்கிவிடும். வரைபடமே அழிந்த மாதிரி. ஸ்டென்ட் உரசுவதால் குழாயின் சுவர் புண்ணாகித் தடிக்கும், ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றும் மருந்தை டை என்போம், அதை ஏற்றினால் அந்தத் தடிப்பும் புற்று மாதிரியே பளிச்சென்று தெரியும். எது நோய், எது ஸ்டென்ட் பண்ணின வேலை என்று பிரிக்க முடியாது. உலோக ஸ்டென்ட் என்றால் கோடு கோடாக நிழல் வேறு.

இதில் எனக்கு ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் மேலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் ஃபிலிம்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார். வேறோர் இடத்தில் ஸ்டென்ட் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. புதிதாக சி.டி. எடுத்தோம். இடது பக்கக் குழாயின் சுவரும் தடித்திருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே வரை போய்விட்டது, 4-ஆம் வகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி எழுதினால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லை என்று அர்த்தம். நல்லவேளை, அறுவை மருத்துவர் விடவில்லை. "ஸ்டென்டுக்கு முந்தின படம் ஒன்றுகூடவா இல்லை?" என்று அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறார். பையின் அடியில், மாத்திரைச் சீட்டுகளுக்கு நடுவே, கவர் இல்லாத ஒரு சி.டி. தட்டு கிடந்தது. அதில் இடது குழாய் காகிதம் மாதிரி மெல்லிசாக, சுத்தமாக இருந்தது. ஆபரேஷனில் பார்த்தபோதும் அப்படியே. நான் வாங்கிப் பார்க்காமல் எழுதியது தப்பு. அன்றிலிருந்து ஸ்டென்ட் தேதியைக் கேட்காமல் ஒரு வரி எழுதுவதில்லை.

ஆகவே முறை இதுதான்: காமாலை என்று வந்து, அல்ட்ராசவுண்டில் கல்லீரலுக்குள் குழாய்கள் வீங்கியிருக்கின்றன என்று தெரிந்தால், முதலில் டை போட்ட சி.டி.யும், பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி.யும், அப்புறம்தான் ஸ்டென்ட். ஒரே ஒரு விலக்கு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் குழாயில் சீழ் பிடிக்கிறது என்று பொருள். அப்போது எந்தப் படத்துக்கும் காத்திருக்கக் கூடாது, வடிய வைத்து உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

சி.டி. என்றாலும் எல்லா சி.டி.யும் ஒன்றில்லை. டை ஊசி போட்டு அரை நிமிடத்தில் ஒருமுறை, ஒரு நிமிடம் தாண்டி ஒருமுறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை என்று எடுக்க வேண்டும். இந்தப் புற்றில் நார்த்திசு நிறைய. டை மெதுவாக ஊறி, மெதுவாகத்தான் வெளியேறும். மற்ற இடமெல்லாம் மங்கிய பிறகு இது மட்டும் வெளிச்சமாக நிற்கும். கடைசிப் படத்தை மிச்சம் பிடித்தால் நோயின் எல்லையை மிச்சம் பிடித்த மாதிரிதான். எம்.ஆர்.சி.பி.க்கு டையே வேண்டாம், தேங்கி நிற்கும் பித்தத்தையே வெள்ளையாகக் காட்டிக் குழாயின் கிளைகளை மரம் மாதிரி வரைந்து தந்துவிடும்.

சரி, பரவல். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 'பிஸ்மத் 3ஏ' 1975-ல் பிஸ்மத், கார்லெட் இருவரும் வகுத்த கணக்கு. கூடுமிடத்துக்குக் கீழே நின்றால் 1, கூடுமிடத்தைத் தொட்டால் 2, அங்கிருந்து வலது கிளைகளுக்குள் ஏறினால் 3ஏ, இடதில் ஏறினால் 3பி, இரண்டிலும் ஏறினால் 4. இது குழாயின் நீளத்தில் எவ்வளவு தூரம் என்பதை மட்டும்தான் சொல்லும். குழாயின் பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பித்தக்குழாய் வடிகால். போர்ட்டல் ரத்தக்குழாய் வரத்து வாய்க்கால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவருவது. இரண்டும் வாசலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நுழைகின்றன. வடிகால் மட்டும் அடைத்தால் அந்தப் பக்கத்துக் கல்லீரல் வீங்கி நிற்கும். வரத்தும் சேர்ந்து அடைத்தால் அந்தப் பக்கம் வாடிச் சுருங்கிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் 'வலது மடல் சுருக்கம்' என்று இருக்கிறதே, அதற்கு இதுதான் அர்த்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். வலது பக்கத்துப் போர்ட்டல் கிளையைப் புற்று நெருக்கியிருக்கிறது.

பயந்துவிட வேண்டாம், இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் சித்தப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் எடுக்கப் போவது வலது பக்கத்தைத்தான். எடுக்கப் போகிற பக்கம் வாடியிருந்தால், மிஞ்சப் போகிற இடது பக்கம் ஏற்கனவே கொஞ்சம் வளர்ந்து கைகொடுக்கும். இதே சுருக்கம் இடது பக்கம் இருந்து, புற்று வலது கிளைக்குள் ஏறியிருந்தால் கதை வேறு. வெட்டினால் மிஞ்சுவது வாடிய கல்லீரல், கதவு அநேகமாக மூடிவிடும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனைக்காரர்கள் 2001-ல் இந்த மூன்றையும், அதாவது குழாய் நீளம், போர்ட்டல் பாதிப்பு, மடல் சுருக்கம், ஒன்றாக வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். எந்தப் பக்கம் என்பதுதான் அதன் உயிர்நாடி. ஒரே வார்த்தை ஒருவருக்குக் கெட்ட சேதி, இன்னொருவருக்குப் பாதி நல்ல சேதி. ரிப்போர்ட்டை வீட்டில் உட்கார்ந்து ஆளாளுக்குப் படிக்கும்போது இது பிடிபடாது.

இன்னொரு அதிர்ஷ்டமும் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. வலது பித்தக்குழாய் ரொம்பக் குட்டை, ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இடது குழாய் கல்லீரலுக்கு வெளியே நீளமாக ஓடும். வலது பக்கத்துத் தமனி பெரும்பாலும் பித்தக்குழாயின் முதுகை ஒட்டிக் குறுக்கே போகும், அதனால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். இடது தமனி ஒதுங்கி ஓரமாகப் போகும். அதனால் வலது பக்கத்தை எடுத்து இடதை மிச்சம் வைப்பது அறுவை மருத்துவருக்கு வசதியான வழி. உங்கள் சித்தப்பாவின் சி.டி.யில் கேட்க வேண்டியது இதுதான்: இடது போர்ட்டல் கிளையும் இடது தமனியும் சுத்தமாக இருக்கின்றனவா? ரத்தக்குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புக் கோடு இருட்டாகத் தெரியும். அது அறுபடாமல் இருந்தால் நிம்மதி. கோடு மறைந்து குழாய் நெளிந்தோ ஒடுங்கியோ இருந்தால் சந்தேகம்.

இந்தச் சங்கதியில் சி.டி. நன்றாகவே வேலை செய்யும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், போர்ட்டல் ரத்தக்குழாயில் புற்று ஏறியிருந்தால் 100-க்கு ஏறக்குறைய 90 பேரிடம் கண்டுபிடித்துவிடுகிறது, தமனியில் 80-க்கு மேல். நெறி என்று நாம் சொல்லும் நிணநீர்க் கணுவுக்கு வந்தால் 60 சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஏனென்றால் அங்கே நாங்கள் பார்ப்பது அளவைத்தான். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவோம். ஆனால் காமாலையும் தொற்றும் இருப்பவருக்குக் கணு சும்மாவே வீங்கும், நம் ஊரில் காசநோயாலும் வீங்கும். ஆறு மில்லிமீட்டர் கணுவுக்குள் புற்று ஒளிந்திருக்கவும் செய்யும். சர்க்கரை மாதிரி மருந்தை ஏற்றி, அதை அதிகம் இழுக்கும் இடத்தை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் தூரத்துப் பரவலைக் காட்டுவதில் உதவும், ஆனால் சளி மாதிரிச் சுரக்கும் வகையும் குழாயோரமாகப் படரும் வகையும் அதில் சரியாக ஒளிராது, சீழ் பிடித்த குழாயோ புற்று மாதிரியே ஒளிரும்.

வயிற்றின் உள்சவ்வில் குருணை மாதிரி தூவியிருந்தால் எந்த ஸ்கேனும் கோட்டை விடும். அதனால்தான் பெரிய ஆபரேஷனுக்கு முன் சிலருக்குத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியாக நரம்பு. இந்தப் புற்றுக்கு நரம்பு உறையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் குணம் உண்டு. திரும்ப வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதை இன்றைய படம் எதிலும் நேராகப் பார்க்க முடியாது. வெட்டி எடுத்த பிறகு நுண்ணோக்கியில்தான் தெரியும்.

இதற்கிடையில் ஒன்று. இது புற்றுதான் என்று உறுதியாகிவிட்டதா? ஹைலார் அடைப்பு என்று ஆபரேஷன் செய்து எடுத்ததில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று புற்றே இல்லாமல் போன கணக்குகள் உண்டு. ஐ.ஜி.ஜி.4 என்றொரு அழற்சி நோய் படத்தில் அச்சு அசலாக இப்படியே இருக்கும், ஸ்டீராய்டு மாத்திரைக்கே அடங்கிவிடும். ஈ.ஆர்.சி.பி.யில், அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக்குழாய்க்குள் போகும் முறையில், பிரஷ் வைத்துச் சுரண்டி எடுக்கும் பரிசோதனை புற்று இருந்தும் பாதிப் பேருக்கு மேல் காட்டாது, ஆகவே 'இல்லை' என்று வந்தால் அதையும் நம்பி உட்கார முடியாது. சி.ஏ. 19-9 என்ற, புற்றுக்கான அடையாள ரத்தப் பரிசோதனையின் அளவு காமாலை இருந்தாலே ஏறும். காமாலை இறங்கிய பிறகு திரும்ப எடுத்தால்தான் மதிப்பு.

இப்போது அந்த 'எத்தனை மாதம்' கேள்வி.

ஆயுளைத் தீர்மானிப்பதில் முதல் விஷயம், விளிம்பில் புற்று மிஞ்சாமல் எடுக்க முடிகிறதா என்பது. அடுத்தது கணுவில் இருக்கிறதா என்பது. சுத்தமாக எடுக்க முடிந்தவர்களில் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் 100-க்கு 20 முதல் 40 வரை. கணு சுத்தமாக இருந்தால் மேல்பக்கம், இல்லையென்றால் கீழ்ப்பக்கம். படம் ஆயுளைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான், அதாவது எடுக்க முடியுமா என்பதைச் சொல்வதன் மூலமாகத்தான்.

இதற்கு மேல் போய், படத்தின் நிறத்திலும் இழையமைப்பிலும் புற்றின் குணத்தைப் படிக்கும் முயற்சி நிஜமாகவே நடக்கிறது. கல்லீரலுக்குள்ளே கட்டியாக வளரும் வகையில் இது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. டை போட்ட அரை நிமிடத்தில் நன்றாக ஒளிரும் கட்டிக்காரர்கள், ஒளிராதவர்களை விட நீண்ட நாள் இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நார் நிறைந்து, ரத்த ஓட்டம் குறைந்த கட்டி மோசமாக நடந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் இதையே கம்ப்யூட்டரிடம் கொடுத்து, கட்டியின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் எண்ணாக்கி, நூற்றுக்கணக்கான அளவுகளைப் பிழிந்து எடுப்பதுதான் ரேடியோமிக்ஸ். நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான். அதன் ஆதரவாளர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குத்தான் சரி. புற்றில் ஒரு மூலை ஒரு மாதிரியும் இன்னொரு மூலை வேறு மாதிரியும் இருக்கும். ஊசி குத்தி எடுக்கும் துணுக்கு ஒரு பருக்கை, ஸ்கேன் முழுப் பானையையும் பார்க்கிறது.

ஆனால் கம்ப்யூட்டருக்கு முதலில் கட்டியின் எல்லையை யாராவது வரைந்து கொடுக்க வேண்டும். ஆரஞ்சு அளவு கட்டி என்றால் வரையலாம். உங்கள் சித்தப்பாவுக்கு இருக்கும் வகையில் பல பேருக்கு இருப்பது மூன்று மில்லிமீட்டர் தடித்த சுவர்தான். நான் ஒரு மாதிரி வரைவேன், என் பக்கத்து நாற்காலிக்காரர் வேறு மாதிரி வரைவார், எண்கள் மாறிவிடும். ஸ்கேன் மெஷின் மாறினாலும், டை ஏற்றும் வேகம் மாறினாலும் எண்கள் மாறும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரியின் பழைய படங்களை வைத்து, சில நூறு பேருக்குள் செய்தவை. சொந்த ஊரில் 100-க்கு 85 எடுக்கும் கணக்கு, வெளியூர்ப் படத்தைக் கொடுத்ததும் தடுமாறுகிறது. கணுவில் பரவல், சீக்கிரம் திரும்புதல், இவற்றை ஊகிப்பதில் வருங்காலத்தில் உதவும் என்று நானும் நினைக்கிறேன். இன்றைக்கு ஹைலார் வகைக்கு அதை நம்பி ஆபரேஷன் வேண்டும் வேண்டாம் என்று முடிவெடுப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் இந்த 'சராசரி மாதம்'. ஆபரேஷன் முடியாதவர்களுக்கு இரண்டு மருந்து சேர்த்துக் கொடுக்கும் கீமோ 2010-ல் பிரிட்டன் ஆய்வு ஒன்றுக்குப் பிறகுதான் வழக்கமானது. அதில் 410 பேர். ஒரு மருந்துக்காரர்களுக்கு இடைநிலை 8.1 மாதம், இரண்டு மருந்துக்காரர்களுக்கு 11.7. இடைநிலை என்றால், வரிசையில் நிற்கும் 11 பேரில் ஆறாவது ஆள். ஐந்து பேர் அவருக்கு முன்னால் போய்விட்டார்கள், ஐந்து பேர் அவரைத் தாண்டி இருக்கிறார்கள், எவ்வளவு தாண்டி என்று அந்த எண் சொல்லாது. 2022-ல் கீமோவோடு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். இடைநிலை 11.5-லிருந்து 12.8 மாதம். இவ்வளவுதானா என்று தோன்றும். அதே ஆய்வில் இரண்டு வருடம் தாண்டியவர்களின் கணக்கு, சேர்க்காதவர்களில் பத்தில் ஒருவர், சேர்த்தவர்களில் நான்கில் ஒருவர். வரிசையின் வால் நீண்டிருக்கிறது, ஆறாவது ஆளைப் பார்த்தால் அது தெரியாது. வீட்டில் யாராவது 'டாக்டர் ஒரு வருஷம் சொல்லிட்டார்' என்று ஆரம்பித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அதே சி.டி.யில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு தகவல் இருக்கிறது. இடுப்பில் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் வெட்டிய படத்தில் முதுகுத்தண்டின் இரு பக்கமும் தசை தெரியும். அதன் பரப்பு குறைந்தவர்கள் ஆபரேஷனையும் கீமோவையும் தாங்குவது குறைவு, ஆயுளும் குறைவு என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். காமாலை என்றதும் நம் பக்கம் எண்ணெய், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி மோரும் கஞ்சியுமாக ஆளை வாட்டிவிடுவோம். சித்தப்பாவுக்கு அப்படிச் செய்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். முட்டையோ பருப்போ, அவருக்கு இறங்குகிற எதையும் கொடுங்கள். நடக்க விடுங்கள். கீழாநெல்லியும் போதும், அடைப்பை அது திறக்காது.

இனி செய்ய வேண்டியது. ஸ்டென்ட் இன்னும் வைக்கவில்லை என்றால், அவசரம் இல்லாதபட்சத்தில், கல்லீரல் அறுவை செய்கிறவர் படத்தைப் பார்க்கும் வரை பொறுங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே, குடல், கல்லீரல் அறுவைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வடிய வைப்பதாக இருந்தாலும் எந்தப் பக்கத்தை வடிய வைப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மிஞ்சப் போவது இடது என்றால் வடிய வேண்டியதும் இடதுதான். மிஞ்சும் கல்லீரல் எத்தனை சதவீதம் என்று சி.டி.யில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். காமாலை பட்ட கல்லீரலுக்குப் பொதுவாக 40 சதவீதமாவது வேண்டும் என்று பார்ப்பார்கள். குறைந்தால் வலது போர்ட்டல் கிளையை அடைத்துவிட்டு மூன்று நான்கு வாரம் காத்திருந்து இடதை வளர்க்கும் முறை உண்டு. ஜப்பானில் மக்கூச்சி என்ற அறுவை மருத்துவர் 1980-களில் இதே ஹைலார் புற்றுக்காக ஆரம்பித்தது.

போகும்போது ரிப்போர்ட் தாளும் ஃபிலிமும் போதாது, முழுப் படமும் இருக்கிற சி.டி. தட்டையோ பென் டிரைவையோ ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சடிப்பது நூற்றுக்கணக்கான படங்களில் கொஞ்சம்தான். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது என்றால் வைத்த தேதியையும், எந்தப் பக்கம், பிளாஸ்டிக்கா உலோகமா என்பதையும் தட்டின் கவர் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். படிக்கிறவர் என்னை மாதிரி கேட்க மறந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.